விண்ணரசி எழுதிய விலாசங்கள்

1993 தை மாதத்தில், மஸ்கட்டில் இளையபெருமாள் பிரித்த ‘எதிர்க்கரை’ சிற்றிதழின் ராப்பரிலிருந்து அரைப்படி வாய்க்கால் தண்ணீர் கொட்டியது. இதழ் நனையவில்லை. தண்ணீரில் ஒரு அயிரை மீன் கிடந்தது. அதை டீ டம்ளரில் விட்டு இரண்டு நாள் வைத்திருந்ததாக அவன், மயிலாடுதுறைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருந்த இதழாசிரியர் சகாயநாதனுக்குக் கடிதம் எழுதினான். “சார், நம்ம கல்மதகு வாய்க்கா தண்ணிதான். கைய விட்டுப் பாத்தேன், அதே ஜில்லு” என்று முடித்திருந்தான். நவீனக் கவிதையின் மௌனம் பற்றி அந்த இதழில் சகாயநாதன் எழுதியிருந்த ஒன்பது பக்கத் தலையங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சகாயநாதன் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். பகலெல்லாம் மூட்டைக் கணக்கு எழுதிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முந்நூறு பிரதி கொண்டுவருவார். ஊர்ப் பையன்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். பெட்டி கட்டுகிறவனை மடக்கிப்பிடித்து, அவன் கூச்சப்பட்டுச் சரி என்று சொல்லும்வரை விடாமல் பேசிச் சந்தாதாரர் ஆக்கிவிடுவதில் அவர் கெட்டிக்காரர். ராப்பர் சுற்றி விலாசம் எழுதுவது மனைவி விண்ணரசியின் வேலை. அவள் டெய்லர். ஊரில் பாதித் தாய்மார்களின் ஜாக்கெட் அளவு அவளுக்கு மனப்பாடம். தபால் பெட்டி எண் ஒன்றை மட்டும் நம்பி ஒருவனுக்குப் புத்தகம் அனுப்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் கொடுத்த விலாசத்துக்கு மேலே, ‘கல்மதகுப் பக்கம் அம்சம் மகன் இளையபெருமாள்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்துவிடுவாள். மஸ்கட் தபால்காரனுக்கு அம்சத்தைத் தெரியுமா என்று சகாயநாதன் கேட்டதற்கு, “யாரு புள்ளன்னு போட்டாத்தாங்க ஆளு அம்புடும். வெறும் நம்பர வச்சிக்கிட்டு யாரத் தேடுவாங்க?” என்றாள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அடுத்தடுத்த இதழ்களுக்கு தம்மாமிலிருந்தும் குவைத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஆனியில் மேட்டூர் திறந்த பிறகு போன ராப்பர்களில் செம்மண் கலங்கிய புதுத்தண்ணீர் வந்தது. ஐப்பசி இதழில் மழைத்தண்ணீர். ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஆல்பினுக்கு மட்டும், மாதா கோயில் குளத்துத் தண்ணீர் அல்லிக்கொடியோடு வந்தது. எல்லாரும் ராப்பரைக் காயவைத்துத் தலையணைக்கு அடியில் பத்திரப்படுத்தினார்கள். இதழ் என்னவாயிற்று என்று யாரும் எழுதவில்லை. சகாயநாதனுக்கு வயிறு எரிந்தது. சொந்த மனைவிமேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பட்டார். ஒரே ஒருவன், ஒரே ஒரு தடவை, உங்கள் தலையங்கத்தைப் படித்தேன் என்று எழுதியிருந்தால் போதும்.

ஒரு தடவை, தையல் வேலை அதிகம் இருக்கிறதே என்று கரிசனம்போலச் சொல்லி, முந்நூறு விலாசத்தையும் அவரே எழுதினார். அவள் எழுதும் அதே வரிகள், அவளைவிட அழகான கையெழுத்து. குவைத்திலிருந்து பதில் வந்தது. ராப்பரைப் பிரித்ததும் நெல் தூசி கொட்டியதாம். அறையில் இருந்த ஆறு பேருக்கும் தும்மல் நிற்கவில்லையாம்.

அவருக்கு மிஞ்சிய நம்பிக்கை நெடுமாறன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தாலும் நல்ல விமர்சகன். இருபத்தைந்தாம் இதழைச் சகாயநாதன் ஒரு வருஷம் உழைத்துக் கொண்டுவந்தார். நெடுமாறனும் கட்டுரை எழுதத்தான் செய்தான். பட்டுக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த போட்டிப் பத்திரிகையில், பதினான்கு பக்கம், ‘விண்ணரசியின் விலாசங்கள்: ஒரு வாசிப்பு’ என்று. சகாயநாதன் அதை நின்றுகொண்டே படித்து முடித்தார். மறுநாளே மயிலாடுதுறைக்குப் போய், கம்ப்யூட்டர் சென்டரில் விலாசங்களை லேபிளாக அடித்துக்கொண்டு வந்தார். எண்ணும் ஊரும் மட்டும், எல்லாம் ஆங்கிலத்தில். விண்ணரசி பசையை மட்டும் காய்ச்சிக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஐந்து வருஷம் கடிதமே இல்லை. அம்சம் ஒருநாள் நடவு வேலை முடிந்து, காலில் சேறு காயாமல் வாசலில் வந்து நின்றாள். சகாயநாதன் என்ன என்று கேட்டார். “ஒங்களப் பாக்க வரலங்க. எம்புள்ள தண்ணி வரலன்னு வருத்தப்படுறான். தங்கச்சிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்” என்றாள். இரண்டு பெண்களும் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் பேசினார்கள். தன் வீட்டிலேயே தான் ஒரு ஆள் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

2003இல் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் வெடிப்பு விட்டது. நெல் குறைந்துபோனதால் ஆட்களை அங்கும் இங்கும் மாற்றினார்கள். சகாயநாதன் பேராவூரணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தங்கியிருந்த அறையின் விலாசத்தை வீட்டுக்குச் சொல்லவில்லை. அங்கிருந்தே இதழைத் தயாரித்து அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகம் வழக்கம்போல கட்டுகளை வீட்டில் இறக்கியது. லேபிள் அடித்துத் தர ஆள் இல்லாததால் விண்ணரசி பேனாவை எடுத்தாள். கல்மதகு வறண்டு கிடந்த அந்த மாதத்தில் மஸ்கட்டில் ஒரு படிக்குக் குறையாமல் கொட்டியது.

பேராவூரணியில் ஒரு மத்தியானம் தபால்காரர் நேரே அவர் அறைக்கு வந்து ஒரு பிரதியைக் கொடுத்தார். தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ‘டெய்லர் விண்ணரசி வீட்டுக்காரர் சகாயநாதன், பேராவூரணி’ என்று இருந்தது. அவர் அம்மா செத்துப்போய் இருபது வருஷம். வேறு யாருடைய ஆளாக அவரைச் சொல்ல முடியும்? ராப்பரைக் கிழித்ததும் தண்ணீர் வந்தது. வாளி நிறைந்தது, குடம் நிறைந்தது. இரும்பு வாடை அடித்த தண்ணீர், வீட்டு அடிபம்புத் தண்ணீர். அதில் ஒரு நீல நூல்துண்டு மிதந்தது. அந்த அடிபம்பு சித்திரையிலிருந்து வெறும் காற்றைத்தான் விடுகிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. தாகம்தான் அடங்கியது. ராப்பரைக் கொடியில் காயப்போட்டார். இதழ் நாலு நாள் ஜன்னலில் பிரிக்காமல் கிடந்தது. அதில் அவருடைய தலையங்கம் பதினொரு பக்கம்.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டார். அறை விலாசத்தை எழுதி, அடுத்த தடவை புத்தகம் வேண்டாம், ராப்பர் மட்டும் அனுப்பினால் போதும் என்று கேட்டிருந்தார். ஒரு வாரத்தில் பதில் வந்தது.

“உள்ள ஒண்ணும் இல்லாம தாள எதுமேலங்க சுத்துறது? நீங்க எழுதுங்க.”

சகாயநாதன் அடுத்த இதழுக்குத் தலையங்கம் எழுத உட்கார்ந்தார்.