இடது காலில் தொடங்கிய வகுப்பு

எனக்குக் கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போயிற்று. ராஜபாளையத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். பாண்டிசெல்வியும் பொறுத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முப்பத்தெட்டு வயதில் எனக்குப் பரதநாட்டியத்தின் மேல் ஆசை வந்தது. சின்ன வயதில் வந்திருந்தால் சர்ச்சிலோ வீட்டிலோ யாராவது தடுத்திருப்பார்கள். இந்த வயதில் என்னைத் தடுக்க யாருக்கும் தெம்பில்லை. பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வகுப்பு பக்கத்தில் எதுவும் கிடைக்காததால் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீடியோவில் ஓர் அம்மா வாயே திறக்காமல் நம்மைப் பார்த்து நின்று ஆடிக் காட்டுவார். கட்டையைத் தட்டும் சத்தமும் "தை யா தை" என்ற குரலும் மட்டும் பின்னால் கேட்கும். இரண்டு வருஷம் தினமும் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். முட்டி வீங்கியது, விடவில்லை. முதல் உருப்படியான அலாரிப்பு வரைக்கும் ஆட வந்ததும், தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று தோன்றியது. காசு வாங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் எட்டுப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் தெருக்காரர்கள், பாதிப்பேர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் பாண்டிசெல்விக்குத்தான் ஆட்டம் சட்டென்று வந்தது. முட்டியை மடக்கி அரைமண்டியில் நின்றாளென்றால் இடுப்பு அசையாது. ஆனால் நான் இடது காலைத் தட்டச் சொன்னால் அவள் வலது காலைத் தட்டுவாள். வாராவாரம் இதே கதை.

ஒரு ஞாயிறு நாலாவது தடவையாகச் சொன்னேன். "ஏட்டி, எடது கால். ஏழு பேரு எடது காலத் தூக்குதாவ, ஒனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

"எதத் தொடங்குனாலும் வலது கால வச்சுத்தானக்கா தொடங்குவோம். அது தன்னால வருது" என்றாள்.

"ஆமா, மாமியார் வீட்டுக்குள்ளயும் வலது கால எடுத்து வச்சுத்தான் போன. அங்க எம்புட்டு நாள் இருந்த?"

பாண்டிசெல்வி செட்டியார்பட்டியில் வாக்கப்பட்டு, ஐந்தே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். தெருவுக்கே தெரியும். இசக்கியம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பாண்டிசெல்வியும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அதற்கு மேல் நான் அதை யோசிக்கவில்லை.

போன நவராத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கலைநிகழ்ச்சி வைத்தார்கள். எங்களுக்கும் பத்து நிமிஷம் கிடைத்தது. வரிசை கெட்டுப்போகும் என்று பாண்டிசெல்வியை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். "நீ பாட்டப் போட்டு ஸ்பீக்கரப் பாத்துக்க" என்றேன். "சரிக்கா" என்றாள்.

ஏழு பேரும் பிசகில்லாமல் ஒன்றுபோல் ஆடினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுரையிலிருந்து தன் மாணவிகளைக் கூட்டி வந்திருந்த செல்லக்கனி டீச்சர் மேடைக்குப் பக்கத்தில் என்னைத் தேடி வந்தார். முப்பது வருஷமாக நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவர்.

"நல்லாருந்துச்சும்மா. ஒண்ணு மட்டும் கேக்கலாமா? எல்லாத்தையும் எடது பக்கம் எடுக்குறீங்களே. வலது கால்லதான தொடங்கணும்?"

டீச்சர் அதோடு விடவில்லை.

"ஸ்பீக்கர்கிட்ட ஒரு பொண்ணு தனக்குத்தானே ஆடிக்கிட்டு நின்னுச்சு. அது ஒண்ணுதான் சரியா ஆடுச்சு. அதுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

"அப்ப மத்தவங்களுக்கு?"

"அவிய புதுசு. எம்புட்டுச் சொன்னாலும் ஏற மாட்டேங்கு."

திரும்பினால் பாண்டிசெல்வி என் பின்னாலேயே கீழே உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். பஸ்ஸில் எல்லாரும் பால்கோவா தின்றுகொண்டு வந்தார்கள். என் பங்கை அவள்தான் என் இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதற்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்து அந்த வீடியோ அம்மா ஆடியதை ஆடினேன். இத்தனை நாளும் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்கிறவருடைய வலது கால் என் இடது கால் இருக்கும் பக்கம் தெரிந்ததால், நான் இடதைத் தூக்கியிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். மானம் போயிற்று.

அந்த வாரம் முழுக்கக் கடையில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. 'இனி வலது காலில் தொடங்குவோம், இது அடுத்த பாடம்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். யாருக்கும் தெரியாது, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி சொல்லவும் மாட்டாள். அதுதான் என்னை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, பாண்டிசெல்வி தட்டியதுதான் சரி, அந்த டீச்சரிடம் பழியை உங்கள் மேல் போட்டதும் தப்பு என்றேன்.

"ஒரு வருசமா தப்பாவா குதிச்சோம்?" என்றாள் இசக்கியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா ஒரு வாரம் செத்தோம் என்று இருந்தது.

மற்றவர்கள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருக்கும்போது பாண்டிசெல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பிரிஸ்கில்லாக்கா, கால் தப்பு ஒங்க தப்புன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டிய. சந்தோசம்."

"பொறவு என்னட்டி?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னைக்கு எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிச்சேன்லா, ஏன்னு நெனச்சிய? அழுதா எந்திரிச்சுப் போகணும். போயிட்டா பொறவு இங்க வர முடியாது. எனக்கு ஆடணும்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"ஷிப்டுக்குப் போணும்க்கா. தொடங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். அந்த மாமியார் வீட்டுப் பேச்சை எல்லார் முன்னாலும்தான் பேசினேன். மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேட்பதுதான் முறை. எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாண்டிசெல்வியும் பார்த்தாள். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தை யா தை" என்று தொடங்கிவிட்டேன். அவள் ஆடினாள்.

இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறாள்.