காலி நாற்காலிக்குத் தலையாட்டினவர்

1

"அந்த மூஞ்சி வேண்டாம்னு சொல்றேன்ல?"

"எனக்கு அந்த மூஞ்சிதான் வேணும்."

"வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பார்க்கச் சகிக்கல."

"எத்தனை வருஷமா உங்க மூஞ்சியை வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கேன்? எது சகிக்கும், எது சகிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் நிஜமாவே காதால கேட்டது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. மொதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

எங்க கேட்டேன்னா, ஏணி மேல நின்னுக்கிட்டு. நான் ஜன்னல் திரை தைச்சு மாட்டுற ஆளு. டி.வி.ல பேட்டி எடுக்கிறவர் ஒருத்தர் வீடு. அவர் எடுக்கிற பேட்டியை வெட்டி ஒட்டுறது அவர் சம்சாரம். அந்தம்மா வேலை பார்க்கிற அறைக்கு வெளிச்சம் புகாத திரை வேணும்னு கூப்பிட்டிருந்தாங்க. அளவெடுக்கும்போது நான் ஒருத்தன் மேல இருக்கிறதையே ரெண்டு பேரும் மறந்துட்டாங்க. என் டேப் கீழ விழுந்துச்சு. அந்தம்மா சட்டுனு கம்ப்யூட்டரை அணைச்சுட்டாங்க. (அதனால அந்த மூஞ்சியை நான் பார்க்கவே இல்ல. கதையில வர்றது நான் செஞ்சு வெச்ச மூஞ்சி.)

பேட்டிக்காரர் யாரைக் கூப்பிடுவார்னா, ஒரு காலத்துல ஊரே பின்னாடி ஓடின பாட்டுக்காரங்களை. இப்ப முட்டி வலியோட, சாயம் போட்ட முடியோட வருவாங்க. இவர் கேள்வி அதிகம் கேட்க மாட்டார். தலையாட்டுவார். 'காது குடுத்துக் கேக்குற மனுஷன்'னு அவருக்குப் பேரே உண்டு.

நான் ஏணியை விட்டு இறங்கி, "சார், கறுப்புத் துணியா, கருநீலமா?"ன்னு கேட்டேன். கண்ணு லேசா சுருங்க, தலை ஒரு பக்கம் சாய, அப்படி ஒரு ஆட்டு ஆட்டினார். என்னை இவ்வளவு மதிச்சு யாரும் கேட்டதே இல்லன்னு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. தெருமுனை தாண்டினப்புறம்தான் உறைச்சுது. மனுஷன் பதிலே சொல்லலியே!

கதை அந்தத் தெருமுனையில பொறந்துச்சு.

2

தொடக்கம் மூணு தடவை எழுதிப் பார்த்தேன்.

'அந்திப் பொழுதின் மெல்லிய ஒளியில், காலம் மறந்த ஒரு குயில்...' (குயிலாவது மயிலாவது. அடிச்சாச்சு.)

'புகழ் என்பது என்ன?' (எனக்கென்ன தெரியும்? அடிச்சாச்சு.)

'அவள் கணவனின் முகத்தை அவள்...' (இது பரவாயில்ல. ஆனா 'அவள்'னு எழுதினா யாரோ மாதிரி இருக்கு. 'அவ'ன்னே எழுதறேன்.)

3

அவ வேலை பார்க்கிற அறையில பகல்லயும் ராத்திரி மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் திரையில முகங்கள் தண்ணிக்குள்ள மிதக்கிற மாதிரி வரும், போகும். வெளியில வந்தாலும் அந்த முகங்கள் கொஞ்ச நேரம் கூடவே வரும், சமையல்கட்டு வரைக்கும்.

அவங்ககிட்ட இருக்கிறது ஒரே கேமரா. வந்தவங்க பேசுறதை மொதல்ல முழுசா எடுப்பாங்க. அவங்க கிளம்பிப் போனதும் கேமராவைத் திருப்பிப் பேட்டிக்காரர் பக்கம் வெப்பாங்க. எதிர்ல காலி நாற்காலி. அதைப் பார்த்து இவர் தலையாட்டுவார், பெருமூச்சு விடுவார், தேவைப்பட்டா கண்ணும் கலங்குவார். அதையெல்லாம் துண்டு துண்டா எடுத்து நடுநடுவுல ஒட்டுறதுதான் அவ வேலை.*

(*இது திருட்டு இல்ல. ஒத்தைக் கேமரா வெச்சிருக்கிறவங்க செய்யறதுதானாம்.)

அந்தத் தலையாட்டலுக்கெல்லாம் அவ பேர் வெச்சிருந்தா. 'அடடா'. 'அப்படியா'. 'ஐயோ பாவம்'. 'எனக்கும் அப்படித்தான்'. கடைசியா சொன்னது ரொம்ப நல்லா அமைஞ்சது, அடிக்கடி போட்டா தேஞ்சுடும்னு பத்திரமா வெச்சிருந்தா.

வீட்லயும் அதேதான். குழாய் ஒழுகுதுன்னா 'அப்படியா' வரும். அக்காவுக்கு ஆபரேஷன்னு சொன்னா 'ஐயோ பாவம்' வரும். கச்சிதமா வரும். அவ பேசிக்கிட்டே, இதை எந்த இடத்துல வெட்டலாம்னு மனசுக்குள்ள பார்த்துக்கிட்டிருப்பா.

4

இப்ப பாட்டுக்காரம்மா வர்றாங்க.

(இவங்க மேல எனக்கு நம்பிக்கை வரவே இல்ல. மொதல்ல திமிர் பிடிச்சவங்களா எழுதினேன். அப்புறம் அழுமூஞ்சியா எழுதினேன். ரெண்டுமே டி.வி.ல பார்த்த மாதிரி இருந்துச்சு. கடைசியில மூக்குக் கண்ணாடியை மறக்கிற ஆளா மாத்தினதும்தான் எழுந்து நடந்தாங்க.)

ஏன் பாடுறதை நிறுத்தினீங்கன்னு பேட்டியில கேட்டதுக்கு, "தொண்டை சரியில்ல தம்பி, டாக்டர் வேண்டாம்னுட்டார்"னு சொன்னாங்க. எல்லா டி.வி.லயும் சொன்ன அதே பதில், அதே சிரிப்பு. பேட்டி முடிஞ்சுது. கிளம்பிட்டாங்க. கேமராவைத் திருப்பியாச்சு. இவர் காலி நாற்காலியைப் பார்த்து 'ஐயோ பாவம்' போட்டுக்கிட்டிருக்கார். கதவு திறக்குது.

"என் கண்ணாடியை இங்கயே..." அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "யாருக்குத் தம்பி தலையாட்டுற?"

"இல்லம்மா... இது வந்து... சும்மா ஒரு..."

"அட, பதறாதய்யா!" சிரிச்சுக்கிட்டே வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்தாங்க. கேமரா இவர் பக்கம் பார்த்து ஓடிக்கிட்டே இருந்துச்சு. அம்மா மைக்கைக் கழட்டியாச்சு. இவர் சட்டையில இருந்த மைக்லதான் அவங்க குரல் விழுந்துச்சு, பக்கத்து வீட்ல பேசுற மாதிரி.

"நானும் உன் கேஸ்தான். மேடையில விளக்கு கண்ணுல அடிக்கும், ஒரு ஈ காக்கா தெரியாது. இருட்டைப் பார்த்துத்தான் சிரிப்பேன், கையாட்டுவேன், முத்தம் பறக்க விடுவேன். கூட்டம் கத்தும். ஒருநாள் பாட்டு நடுவுல விளக்கு மொத்தமும் போச்சு. யாரோ பின்னாடி கதவைத் திறந்துவிட்டாங்க. வெளி வெளிச்சம் உள்ள வந்துச்சு. அப்பத்தான் பார்க்கிறேன், என் முன்னால மனுஷங்க இருக்காங்க! மொத வரிசையில ஒருத்தர் நல்லாத் தூங்குறார். பக்கத்துல அவர் வீட்டம்மா. அவர் தலை சரியாம தோளைக் குடுத்துட்டு, என் பாட்டை அவர் காதுக்குள்ள பாடிக்கிட்டிருந்தாங்க. நான் நிறுத்தினதுகூட அவங்களுக்குத் தெரியல."

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்' அவர் யோசிச்சுக் கேட்டது இல்ல. தானா வந்தது.

"அப்புறம் விளக்கு வந்துடுச்சு. திரும்பவும் இருட்டு. அந்தம்மாவைத் தேடித் தேடிப் பார்த்தேன், தெரியல. அடுத்த ஊர்லயும் தேடினேன். இருட்டைப் பார்த்துக் கையாட்ட அதுக்கப்புறம் எனக்கு வரல, தம்பி. தொண்டைக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கு." எழுந்து கண்ணாடியை எடுத்துக்கிட்டாங்க. "வேணும்னா இதையும் போட்டுக்கோ. வயசாயிடுச்சு, இனிமே எனக்கென்ன?"

அவ்வளவு நேரமும் இவர் ஒரு தடவைகூடத் தலையாட்டல. வாய் லேசா திறந்திருக்கு. நெத்தி கோணலா சுருங்கியிருக்கு. ஒரு காது முன்னாடி வர்ற மாதிரி கழுத்து நீண்டிருக்கு. பார்க்க நல்லாவே இல்ல.

அவ திரையில இதைப் பார்த்தா. நிறுத்திட்டு, திரும்பப் பார்த்தா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படி ஒரு மூஞ்சி அவ வீட்டுக்கு வந்ததே இல்ல.

5

சண்டை உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அதுக்கப்புறம் நடந்தது (நான் நடத்தினது):

"இதைப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"ன்னார். "இது நிஜம்னு பார்க்கிறவனுக்குத் தெரியும். அப்ப மத்ததெல்லாம் என்னன்னு கேப்பான். இத்தனை வருஷமா ஆட்டின தலை அத்தனையும் போச்சு."

"போகட்டும்."

"உனக்கென்ன அவ்வளவு காண்டு என் மேல?"

"காண்டு இல்லங்க. உங்களுக்கு இப்படியும் கேக்க வரும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. நான் பேசும்போது இது ஒருநாளும் வரலியே."

"நீ பேசும்போது நான் கேக்காமலா இருக்கேன்?"ன்னு சொல்லி, தலையைச் சாய்ச்சார்.

"பார்த்தீங்களா, 'அப்படியா' போடுறீங்க."

அவர் சட்டுனு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவ சிரிப்புதான் மொதல்ல நின்னுச்சு.

முடிவு ஒண்ணு: அந்த மூஞ்சி டி.வி.ல வருது, ஊரே கொண்டாடுது, அவர் திருந்திடுறார். (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துச்சு.)

முடிவு ரெண்டு: அவ மத்தியானம் கண்ணசந்த நேரத்துல அவர் அதை அழிச்சுட... (முடியல. நம்ம ஆளு கோழைதான், ஆனா அவ்வளவு கேவலமானவர் இல்ல.)

முடிவு மூணு. இதுல பாதிதான் இருக்கு.

அவ தன் நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேரா போட்டா. "ஒரு பந்தயம். நான் இப்ப ஒண்ணு சொல்லுவேன். அதைக் கேட்கும்போது உங்களுக்கு அந்த மூஞ்சி எனக்காக வந்துடுச்சுன்னா, திரையில இருக்கிறதை நானே வெட்டிடுறேன். ஊருக்கு எதுக்கு அது? எனக்குப் போதும். வரலைன்னா ஊருக்குப் போகட்டும். அங்கயாவது இருக்கட்டும்."

"கேமரா?"

"வேண்டாம்."

அவர் எதிர்ல உட்கார்ந்தார். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முட்டி மேல வெச்சார். திரையில வாயைத் திறந்தபடி ஒரு மூஞ்சி உறைஞ்சு நிக்குது. அதுக்குக் கீழ அதே ஆளோட இன்னொரு மூஞ்சி காத்துக்கிட்டிருக்கு. ஜன்னல்ல இருந்த பழைய திரையைக் கழட்டியாச்சு, புதுசு இன்னும் வரல, வெளிச்சம் அவ பாதி முகத்துல விழுந்துச்சு.

அவ சொன்னா:

6

இந்த இடத்துலதான் நிக்கிறேன்.

'உங்களை விட்டுப் போறேன்'னு சொல்ல வெச்சேன். அதுக்கு யாருக்கும் வாய் பொளக்கும், அது ஏமாத்து. 'எனக்கு உடம்பு சரியில்ல'ன்னா 'ஐயோ பாவம்' வந்துடும். 'குழாய் ஒழுகுது'ன்னு எழுதிப் பார்த்தேன். சத்தியமா சொல்றேன், மத்ததைவிட அதுதான் கிட்ட வந்துச்சு. ஏன்னு தெரியல.

போன்ல எழுதிக்கிட்டே என் வீட்ல கேட்டேன், "நீயா இருந்தா என்ன சொல்லுவே?"ன்னு. அவ தையல் மிஷின்லேர்ந்து நிமிர்ந்து என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்தா. "மொதல்ல போனைக் கீழ வை"ன்னா. வெச்சேன். அவ சொன்னதை இங்க எழுத மாட்டேன்.

அந்த வீட்டுத் திரையை இன்னும் தைக்கல. கறுப்பா கருநீலமான்னு கேட்கத் திரும்பவும் போகணும். இந்தத் தடவை அந்தம்மாகிட்டயே கேட்டுக்கிறேன்.

அதுக்குள்ள எனக்கு ஒரு வரி வேணும். உங்க வீட்ல உங்களுக்கு நேரா உட்கார்ந்து தலையாட்டுற அந்த ஆள்கிட்ட, நிஜமாவே கேட்கணும்னா, நீங்க என்ன சொல்லுவீங்க? பெரிசா வேண்டாம், ஒரே ஒரு வரி. கீழ எழுதுங்க. வர்ற ஒவ்வொண்ணையும் அவ வாயில வெச்சு, அவர் மூஞ்சியைப் பார்க்கிறேன்.