இன்னும் ஒருத்தர் வரணும்

காலை எட்டு பத்துக்கு இசக்கியப்பன் இறந்துபோனார். எட்டு பதினாலுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள்.

கண்ணை மூடி ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே போய் நிற்கலாம் என்றாகி மூன்று வருடம் ஆகிறது. செலவும் இல்லை, நேரமும் ஆகாது. டொரண்டோவில் குளித்துக்கொண்டிருந்த மகன் காதில் சோப்பு நுரையோடு தென்காசியில் வந்து நின்றான். சிங்கப்பூர் மகளின் கையில் தோசைக்கரண்டி இருந்தது. சம்பந்தி வீட்டார் பதினேழு பேர் ஒரே இடத்தைச் சொல்லிவிட்டதால் கிணற்றடியில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

இசக்கியப்பனின் மனைவி செண்பகவடிவு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் வெளியூர் ஆட்கள் வந்து சேரட்டும் என்று உடலை ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். அவள் மாமியார் அப்படித்தான் மாமனார் பக்கத்தில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தாள். இவளுக்குக் கிடைத்தது நான்கே நிமிடம்.

நகராட்சியின் வருகை ஆய்வாளர் பீரோவுக்குப் பக்கத்தில் தோன்றினார். கையில் நீளமான நோட்டு.

"வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்," என்றான் மகன்.

"அப்போ கால் மணி நேரத்துல எடுத்துரணும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் இசக்கியப்பன் ஒரு கண்ணைத் திறந்தார். "ஏளா, அதுக்குள்ளயா?"

"நீங்க சும்மா கெடங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் ஆய்வாளரிடம் போனாள். "இன்னும் ஒருத்தர் வரணும் சார். எந் தம்பி வேலாண்டி. கோவில்பட்டியில இருக்கான்."

கூடத்தில் அழுகை நின்றுவிட்டது. வேலாண்டி பதினொரு வருடமாக இந்த வாசலை மிதித்ததில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்துக்காரன் தவறு என்று இவர்கள் சொன்னதை அவன் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான், எழுதிக் கொடுத்ததே செண்பகவடிவுதான். பஸ் ஓடிய காலத்தில், பஸ் கிடைத்திருக்காது என்று ஊர் வாயை அடைக்கலாம். உலகமே இமைக்கும் நேரத்தில் வந்து போகும்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. மூன்று வருடமாக அவளுக்கு அது பெரிய தலைகுனிவாக இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் நின்று போன் செய்தாள்.

"வேலாண்டி, அத்தான் போயிட்டாக."

அவன் தேம்பி அழுதான். "இந்தா கண்ண மூடுதேன்க்கா."

"மூடாதல!"

"இன்னமுமாக்கா எம்மேல கோவம்?"

"கோவமெல்லாம் இல்லய்யா. ஒம் பேரை விட்டது நாந்தான். என் தப்புதான். ஆனா நீ வந்துட்டா அவுகளத் தூக்கிருவாங்க. நீ வரணும், வந்து சேந்துரக் கூடாது."

வேலாண்டி மூக்கை உறிஞ்சினான். "நடந்து வாரேன்க்கா."

யாரும் நடக்காததால் சாலைகளைச் சுருட்டி ஆபீஸ்களில் அடுக்கியிருந்தார்கள். வேலாண்டி தான் நடக்கிறவன் என்று எழுதிக் கொடுத்து ஒன்றை வாங்கினான். முன்னால் விரித்துக்கொண்டே நடந்தான். மறுநாள் கழுகுமலையிலிருந்து போன் வந்தது. 'வந்துகொண்டிருக்கிறார்' என்று ஆய்வாளர் நோட்டில் எழுதிக்கொண்டார். எவ்வளவு வேகத்தில் வரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

மற்றவர்கள் அவரவர் நாட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, அழுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். செண்பகவடிவு பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். கடைவாய்ப் பல் இப்போது வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் மோர்க்குழம்பில் ஒரு நாளும் உப்பு சரியாக இருந்ததில்லை என்றும், சொன்னால் முகம் வாடிவிடுவாள் என்று சொல்லவில்லை என்றும் சொன்னார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் மேல் தனக்கு எவ்வளவு பிரியம் என்று வாய்விட்டுச் சொன்னாள். நாற்பத்திரண்டு வருடத்தில் சொன்னதே இல்லை. அவர் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் வேலாண்டி தெருமுனைக்கு வந்துவிட்டான். எல்லாரும் எழுந்தார்கள். மகன் வேட்டியை மடித்துக் கட்டினான். ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

செண்பகவடிவு வாசலுக்கு வந்தாள். தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் அங்கேயே நின்று, வரட்டுமா என்று புருவத்தை உயர்த்தினான்.

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

வேலாண்டி சரி என்று தலையாட்டினான். செருப்பைக் கழற்றி மண்ணை உதறிப் போட்டுக்கொண்டான். கோவில்பட்டியைப் பார்த்துத் திரும்பி நடந்தான்.

"எங்கம்மா போறாரு?" என்றார் ஆய்வாளர்.

"வாரான் சார்," என்றாள் செண்பகவடிவு.