பெயரில்லாத பட்டன்கள்

அண்ணன் வந்தபோது அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒரு காதில் வாடிக்கையாளர்களின் புகார், மறு காதில் திரையில் இருப்பதை வாசித்துக்கொண்டே போகும் ஸ்க்ரீன் ரீடரின் குரல். பள்ளிப் படிப்பு முடிவதற்குள்ளேயே அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி முழுதாகப் போய்விட்டது. சனிக்கிழமை மத்தியானமாவது யாருடைய குரலும் வேண்டாம் என்றிருந்தது.

அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வழக்கமாக வாசலிலேயே, "என்ன மகாராணி, தூக்கமா?" என்று ஊரைக் கூட்டிக்கொண்டுதான் வருவான். அன்று சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் முட்டிக்கொண்டான்.

"ஒரு உதவி வேணும். கண் ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் போடணும். நீதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே முடிச்சுடுவியே."

"யாருக்கு?"

"எனக்குத்தான். கண்ணாடி மாத்தணும்."

"அண்ணிகிட்ட சொன்னா போன்லயே போட்டுடுவாங்களே."

"அவளுக்கு எதுக்கு வீண் கவலை?"

கண்ணாடி மாற்றுவதற்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? ஆனால் மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். அவனுக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனை மாட்டவில்லை.

தலைப்புகளை மட்டும் தாவித் தாவிக் கேட்க ஒரு விசை உண்டு. அதை அழுத்தினாள். "தலைப்பு எதுவும் இல்லை" என்றது குரல். அப்படியென்றால் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்க வேண்டியதுதான். லிங்க். படம். லிங்க். படம். பட்டன். பட்டன். பட்டன். எந்தப் பட்டன் எதற்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒன்றை அழுத்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் பெருமையைப் பாடும் வீடியோ ஓடத் தொடங்கியது. அதை நிறுத்துகிற பட்டனுக்கும் பெயர் வெறும் பட்டன்தான். பாட்டும் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்தன.

"என்ன இது, சந்தைக்கடை மாதிரி?" என்றான் அண்ணன். "ரொம்ப ஈசின்னு சொல்லுவியே நீ?"

சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம், ஆபீசில், எல்லாரிடமும். கஷ்டம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், யாராவது கையிலிருந்து பிடுங்கிச் செய்து கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எதையும் அவளிடம் விட மாட்டார்கள்.

"கண்ணு நல்லா இருக்கறவன்தான் கண் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைய முடியும் போல" என்று அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, மேல ஓரத்துல ஏதாவது தெரியுதா பாரு."

அவன் திரைக்கு அருகே குனிந்தான். "இரு, தேடறேன்." கொஞ்சம் கழித்து மறுபடியும், "இரு."

அவள் சிரிப்பு நின்றது. கண் தெரிகிறவர்கள் திரையில் தேடுவதில்லை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

"அண்ணா, உனக்கு ஓரம் தெரியலையா?"

நாற்காலி கிரீச்சிட்டது. "குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்கு. நேரா இருக்கறது மட்டும்தான் தெரியுது."

அந்தக் குழாய் அவளுக்குத் தெரியும். அதற்குள் ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்தவள்.

"புதன்கிழமை ஒரு சைக்கிள்காரர்" என்றான் அவனாகவே. "பக்கத்துல வந்தது தெரியவே இல்ல. வேன் கண்ணாடிதான் உரசுச்சு. ஒண்ணும் ஆகல."

"வேன்ல பிள்ளைங்க இருந்தாங்களா?"

வேன் சாவி அவன் கையில் குலுங்கியது.

"திங்கட்கிழமை ஓட்டப் போறியா?"

"டாக்டர் என்ன சொல்றார்னு முதல்ல பாப்போம்."

சண்டை போட வாயெடுத்தவள், விசைப்பலகைக்கே திரும்பினாள். எத்தனையாவது பட்டனிலோ முன்பதிவுப் பக்கம் திறந்தது. பழைய ஆஸ்பத்திரி அட்டை எண்ணைக் கேட்டது. அவன் அட்டையைக் கண்ணருகே பிடித்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். "பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது" என்றது குரல்.

அவன் போனில் சத்தமே இல்லை.

"போன தடவை யாரோட நம்பர் குடுத்தே?"

"ஐயையோ" என்றான் அண்ணன். சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஸ்பீக்கரில் அண்ணி.

"என்னங்க, கண் ஆஸ்பத்திரியிலேருந்து ஏதோ நம்பர் வந்திருக்கு. நான் ஒண்ணும் போடலையே? யாராவது ஏமாத்தறாங்களா?"

அவன் மூச்சை இழுத்தான். எனக்குத்தான் போட்டேன் என்று தங்கை ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். "நேரம் முடிந்தது" என்று கம்ப்யூட்டர் சொன்னது.

"எனக்குத்தான்" என்றான் அண்ணன். "தங்கச்சி வீட்ல இருக்கேன். கண்ணு சரியில்ல."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"அவளுக்கு வந்ததேதானா?"

"அப்படித்தான் தோணுது."

அண்ணி கத்தவில்லை. "திரும்ப அனுப்பச் சொல்லுங்க. நான் படிக்கறேன்" என்றாள்.

திரும்ப அனுப்பும் பட்டனுக்கும் பெயரில்லை. தவறான ஒன்றை அழுத்தியதில் பக்கம் முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி அட்டை எண், மறுபடி காத்திருப்பு. அண்ணி நிதானமாக எண்களைப் படித்தாள். இவள் தட்டினாள். வியாழக்கிழமை காலைக்கு இடம் கிடைத்தது. யாரும் சந்தோஷப்படவில்லை.

"நான் கிளம்பி வரேன். வேனை அங்கயே விடுங்க" என்று அண்ணி போனை வைத்தாள்.

"உனக்குத் தினமும் இப்படித்தானா?" என்று கேட்டான் அண்ணன்.

"சில நாள் பரவாயில்ல. சில நாள் இப்படித்தான்."

"சொல்லவே இல்லியே."

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். பள்ளி மேனேஜரிடம் பேசுவது கேட்டது. "சார், திங்கட்கிழமையிலேருந்து வேற டிரைவர் பாத்துக்கங்க... இல்ல சார், லீவு இல்ல. இனிமே ஓட்ட முடியாது." குரல் உடைந்ததை இருமலாக மாற்றப் பார்த்தான். மேனேஜருக்கு அது எப்படிக் கேட்டதோ.

அவளுக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. எழுந்து அவனுக்கு ஒரு வாய் காபியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கால் அசையவில்லை. அவன் திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். பதினெட்டு வருஷம் வேன் ஓட்டின கைகள் அவள் பாதத்துக்குப் பக்கத்தில், போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"படு. அவ வந்தா எழுப்பறேன்" என்றான்.