ட்யூபுக்குச் சொந்தக்காரி

நாலு வருஷமாக அந்த நாயை எங்கள் நாய் என்று ஒருவரையும் நான் சொல்லவிட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள், "உங்க நாய் கடிக்குமா?" என்று கேட்டால், "எங்க நாய் இல்லைங்க, வாசல்ல கிடக்குது, அவ்வளவுதான்" என்பேன். அதைச் சொல்லும்போது நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

எங்களுக்குப் பெரிய சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓர் அறையும் சமையல் மூலையும். நடுவில் ஒரு தகரக் கதவு. என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகக் காற்றடிக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு காதையும் அதற்கே கொடுத்துவிட்டார். நேருக்கு நேர் நின்று கத்தினால் பாதி கேட்கும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார், அதுவும் தப்பாகத்தான். "உப்பு தீர்ந்துபோச்சு" என்றால், "அடப்பாவமே, எப்போ?" என்று, யாரோ செத்துவிட்டதாக நினைத்து, முகத்தைத் தொங்கப்போடுவார். மனிதர் நல்லவர். காது மட்டும்தான் கெட்டது.

தூக்கிப்போட்ட லாரி ட்யூப் ஒன்றுக்குள் சுருண்டு கிடந்த குட்டியை ஒரு மழைநாளில் அவர்தான் எடுத்துத் துடைத்தார். ட்யூபில் கிடைத்ததால் ட்யூப் என்று பெயர் வைத்தார். இதற்குமேல் யோசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நான் அதை "ஏய்" என்றுதான் கூப்பிடுவேன். தகரக் கதவைத் தாண்டி ஒரு காலை வைத்தாலும் துடைப்பம் பறக்கும். அதனால் வாசலில் ஒரு பழைய டயரைப் போட்டு, அதற்குள் சாக்கை விரித்து, அதற்கு ஒரு வீடு செய்துகொடுத்தார்.

வளர்ந்ததும் அது தானாகவே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டது. வண்டி வந்து நின்றால் எழுந்துபோய் அவர் முழங்காலில் மூக்கை வைத்து அழுத்தும். அவர் நிமிர்ந்து பார்ப்பார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருமுறை அவர் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. ட்யூப் அவர் சட்டையைக் கவ்விப் பின்னுக்கு இழுத்துப் போட்டுவிட்டது. சட்டையைக் கிழித்துவிட்டதே என்று சாயங்காலம் வரை அந்த நாயைத் திட்டித் தீர்த்தேன். பக்கத்து பேட்டரிக் கடைத் தம்பி வந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். அன்றைக்கு அதற்கு ஒரு நல்ல எலும்பாகப் பார்த்து வைத்தேன். யாரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான் வைத்தேன்.

தெருநாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட ஒரு வண்டி வந்தபோது இவர் ட்யூபைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் சொந்தக்காரர் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. "நம்ம பேர மட்டும் எழுதிப் பாருங்க, அப்புறம் இருக்கு" என்று கத்தினேன். அது மட்டும் முழுசாகக் காதில் விழுந்துவிட்டது. கட்டம் காலியாகவே இருந்தது.

எங்கள் கடைக்குப் பின்னால், வெட்டவெளியைத் தாண்டி ஓர் ஆட்டுப்பட்டி. ஆட்டுக்காரர் யார் வம்புக்கும் போகாத மனிதர். போன மாதம் ஒருநாள் காலையில் அவர் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"மூணு ஆடு போச்சும்மா. ஒண்ணு சினை. நாலு நாய். மூணு இந்த ரோட்டுல திரியிற நாய். நாலாவது உங்களோடது."

"எங்க நாய் இல்லைங்க" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"யாரு நாயா இருந்தா என்ன, வாயெல்லாம் ரத்தம். நானே கண்ணால பாத்தேன். புகார் எழுதிக் கொடுத்துட்டேன். எனக்கும் வேற வழி இல்ல."

ட்யூப் கடித்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டயருக்குள் படுத்து வாயை நக்கிக்கொண்டிருந்ததை நானும்தான் பார்த்தேன். நாலு சேர்ந்துவிட்டால் நாய்க்கு நல்லது கெட்டது தெரியாது. மனிதருக்கே தெரிவதில்லை. அந்த மனிதர் தன் சினை ஆட்டைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

பதினொரு மணிக்கு நாய் பிடிக்கிற வலை வண்டி வந்து, எதிரில் திரிந்த அந்த மூன்று நாயையும் முதலில் பிடித்துப் போட்டிருக்கிறது. நான் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். இவர் கம்ப்ரசரைப் போட்டுவிட்டுக் குனிந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ட்யூபை வலை போட்டு இழுத்திருக்கிறார்கள். அது கத்திய கத்தலில் ரோடே திரும்பிப் பார்த்ததாம். இவருக்குத் தெரியவில்லை. பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்து அலுத்துப்போய், இறங்கிவந்து தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. முழங்காலை ஏன் யாரும் தொடவில்லை என்று திரும்பிப் பார்த்தாராம்.

"ஏழு நாள் வச்சிருப்பாங்கக்கா" என்றார் பேட்டரிக் கடைத் தம்பி. சட்டத்தையே அவர்தான் உட்கார்ந்து எழுதியது போலச் சொன்னார். "அதுக்குள்ள சொந்தக்காரங்க வந்து கேக்கலன்னா கதை முடிஞ்சுது."

"ஆடு கடிச்ச நாய விடுவாங்களா?"

"கேக்க ஆள் இருந்தா விடுவாங்க. கேக்க ஆள் இல்லாததுக்குத்தான் இந்த ஊர்ல கேடு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எதிலும் அப்படித்தானே நடக்கிறது. கேட்க ஆள் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும். நாய்க்கு மட்டும் வேறு மாதிரி இருக்குமா?

இவர், "போனா போகுது, நாய்தானே" என்றார். ஆனால் மூன்று நாளும் வேலைக்கு நடுவில் குனிந்து குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நான்காம் நாள் காலையில் அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். காலிக் கட்டத்தில் என் பெயரை முத்து முத்தாக எழுதினேன். அவர் செல்போனிலிருந்து நாலு வருஷத்து நாய்ப் படங்களைப் போட்டோக் கடையில் கொடுத்து அச்சுப் போட்டு வாங்கினேன். பேட்டரிக் கடைத் தம்பியிடமும், எதிரே பழக்கடை அக்காவிடமும், "இது இவங்க வளர்க்கிற நாய்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாழ்க்கையில் ஒரு காரியத்துக்கும் நான் இவ்வளவு பக்காவாகக் காகிதம் தயார் செய்ததில்லை.

விலங்குப் பிரிவு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய பலகை ஒன்று, பொடி எழுத்தில் ஏதேதோ விதிகள். நான் அதைப் படிக்கவில்லை. என்ன பேசவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தார். பின்னால் ஒரு மேஜையில் அதிகாரி. நான் காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அந்தப் பெண் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். மை இன்னும் புதுசாக இருந்தது.

"ஏம்மா, நாய் உங்களோடதுதானா?"

"எங்களோடதுதான் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெருவுல கிடக்குற நாய்க்கு எரக்கப்பட்டு மிச்சம் மீதிய வைக்கிறவங்க நெறைய பேரு இருக்காங்க. அதெல்லாம் சொந்தம்னு ஆகாது. அது வேற." இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திப் பின்னால் ஒருமுறை பார்த்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கிரீஸ் பட்ட சேலை, பஞ்சர் கடைக்காரி, இவளுக்கெல்லாம் சொந்தமாக ஒரு நாயா என்று நினைக்கிறாள் போல என்று தோன்றியது. நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

"என்ன மேடம், எங்களப் பாத்தா நாய் வளர்க்குற மூஞ்சியா தெரியலியா? பங்களாக்காரங்க வந்து கேட்டா இப்படித்தான் கேப்பீங்களா? நாலு வருஷமா எங்க வீட்டுல தின்னு, எங்க வீட்டுல படுத்து, புள்ள மாதிரி வளந்த நாய். ஊசி அட்ட இருக்கு, போட்டோ இருக்கு, சாட்சி இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

எங்கள் வீட்டில் படுத்ததாம். தகரக் கதவைத் தாண்ட விடாதவள் சொல்கிறேன், அலுவலகமே கேட்கும்படி.

அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உங்க இஷ்டம்மா" என்று ஒரு படிவத்தைத் தள்ளினார். "நாய் பேரு?"

"ட்யூப்" என்றேன். அந்தப் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டேன். அதிகாரி வாங்கிப் பார்த்து முத்திரை குத்தினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எப்போ கூட்டிட்டுப் போலாம் மேடம்?"

அந்தப் பெண் படிவத்தைக் கோப்புக்குள் வைத்தார். "கூட்டிட்டுப் போக முடியாதும்மா. சொந்தக்காரங்க உள்ள நாய் ஆடு மாட்டக் கொன்னா, அத முடிச்சிடணும். கால்நடைச் சட்டம். ரொம்பப் பழசு."

"அப்போ அந்த மூணு நாய்?"

"அது தெருநாய். அதுக்குப் புதுச் சட்டம். கொல்லக் கூடாது. கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே விட்டுடணும்."

"நாலும் சேந்துதானே கடிச்சுது?"

"ரெண்டு சட்டம்மா. ஒண்ண எழுதினவங்க இன்னொண்ணப் படிக்கல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் கேட்டேனேம்மா. ரெண்டு தடவை கேட்டேன்."

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். அது எங்க நாயே இல்ல. சத்தியமா தெருநாய்தான். நான் அதுக்கு ஒரு வாய் போட்டதில்ல, வீட்டுக்குள்ள விட்டதில்ல, யார வேணா கேளுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவும் உண்மை, அந்த ஒரு எலும்பைத் தவிர. அதிகாரி என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அட்டை, படங்கள், இரண்டு சாட்சிகள், என் கையெழுத்து. "இவ்வளவு பக்காவா யாரும் கொண்டுவந்து பாத்ததில்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

வெளியே வரும்போது பலகையைப் படித்தேன். நான்காவது விதி, ஐந்தாவது விதி. எல்லாமே எழுதியிருந்தது. ஒரு மணி நேரம் என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது.

நாயைப் பார்க்க விட்டார்கள். வரிசையாகக் கூண்டுகள். அந்த மூன்று நாயும் ஒரே கூண்டில், கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் புதிதாக ஒரு வெட்டோடு படுத்திருந்தன. ட்யூபை அதற்குள் தனிக் கூண்டுக்கு மாற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டியது. துடைப்பத்தோடு வருகிறவளைப் பார்த்தும் எதற்கு ஆட்டவேண்டும்? கம்பிக்குள் விரலை விட்டேன். நக்கியது. "ட்யூப்" என்று கூப்பிட்டேன். காதைத் தூக்கிக்கொண்டு, யார் கூப்பிட்டது என்று எனக்குப் பின்னால் தேடியது.

வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது? கிசுகிசுப்பாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்தித்தான் சொல்லவேண்டும். கடை வாசலில் நின்று, நான் செய்ததை முழுவதும் கத்திக் கத்திச் சொன்னேன். ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு தடவை எதையும் தப்பாக நிரப்பிக்கொள்ளவில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார்.

அதற்குப் பதிலாக அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து, ட்யூபை முடிக்கிற அன்றைக்கு, அவர் தனியாக அங்கே போய் வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஒரு சைக்கிள் டயரை எடுத்து உட்கார்ந்தார்.

அதே வாரத்தில் அந்த மூன்று நாயையும் வண்டியில் கொண்டுவந்து, பிடித்த இடத்திலேயே, எங்கள் கடைக்கு எதிரில் இறக்கிவிட்டார்கள். ஆட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "சாதுவா இருந்த ஒண்ணக் கொன்னுட்டு, இதுகளத் திருப்பி விட்டுட்டாங்களேம்மா. நான் இதுக்கா எழுதிக் கொடுத்தேன்?" அவர் இப்போது வெளி வேலைக்கு எங்கும் போவதில்லை. தடியோடு பட்டியிலேயே கிடக்கிறார். போன வாரம் இன்னோர் ஆடு போனது.

ட்யூபின் வேலையை இப்போது நான் பார்க்கிறேன். சமையலை முடித்துவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். வண்டி வந்தால் அவர் முழங்காலைத் தொடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் கீழே பார்க்கிறார். பிறகுதான் என்னைப் பார்க்கிறார்.

மூன்றில் ஒரு செம்பட்டை நாய் வாசல் டயருக்குள் வந்து படுக்க ஆரம்பித்தது. நான் விரட்டவில்லை. நேற்று முன்தினம் அவர் அதன் தலையில் கையை வைத்தார். அது கண்ணை மூடிக்கொண்டது. இத்தனை நாளில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இன்றைக்குக் காலையில் வலை வண்டி வந்து நின்றது. ஆட்டுக்காரரின் புதிய புகாராம். ஓர் ஆள் நோட்டோடு இறங்கி வந்தார். இவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். செம்பட்டை அவர் காலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

"இது உங்க நாயாம்மா?"

"இல்லைங்க. தெருநாய்."

"இங்கயே படுத்திருக்கே?"

நான் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தேன். விலாவில் பட்டது. அது அலறிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடியது. அந்த ஆள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அதன் பின்னால் போனார்.

திரும்பினேன். அவர் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கேட்டது அவருக்குக் கேட்டிருக்காது. நான் சொன்னதும் கேட்டிருக்காது. கல்லை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

கிட்டே போய்க் கத்திச் சொல்லலாம்தான். ஆனால் வண்டி இன்னும் அங்கேயே நின்றது. அவர் என்னிடமிருந்து திரும்பி, கம்ப்ரசரைப் போட்டார்.