கால் வைக்கக் கூடாத சரிவு

என் மனைவி தாவரச் சூழலியல் விஞ்ஞானி. என் அக்காவுக்கு அவள் "புல்லு டாக்டர்". முதுகு வலிக்கு மாத்திரை கேட்டு ஏமாந்த நாளிலிருந்து அந்தப் பெயர். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு குன்றின் சரிவில் விரல் உயரச் செடி ஒன்று இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக வெள்ளையில் பூக்கும். வேறெங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. மாடு மேய்ந்து அது அழிந்துகொண்டிருந்த காலத்தில், மாணவியாக இருந்த இவள் சரிவில் ஒரு துண்டு நிலத்துக்குக் கம்பிவேலி போட வைத்தாள். உள்ளே செடி பெருகியது. டாக்டர் பட்டம், பல்கலைக்கழக வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்த வேலிக்குள்ளிருந்துதான் வந்தன. வருஷா வருஷம் மாணவர்களோடு உள்ளே போய், மண்டி போட்டு, சதுரம் சதுரமாகப் பிரித்து எண்ணுவாள். என்னை மட்டும் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு கால் வைத்தேன். "ஏங்க, கால் பாத்து வைங்க! செடி!" என்று போட்ட சத்தத்தில் கீழே ரோட்டில் போனவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம் அவளால் சரிவு ஏற முடியவில்லை. மாணவர்களும் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். இதற்கிடையில் வனத்துறை அவள் கட்டுரைகளை நம்பி, சரிவு முழுக்க வேலி போடலாம் என்று முடிவு செய்தது. திங்கட்கிழமை கூட்டம். அவள்தான் பேசவேண்டும். காட்டுவதற்குப் புதுப் படம் வேண்டுமென்று ஞாயிறன்று என்னைக் கார் ஓட்டச் சொன்னாள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினாள். உள்ளே புல் இடுப்பு உயரம். விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒரு செடி இல்லை. கூட வந்த வனக் காவலர் கம்பியைப் பார்த்துக்கொண்டே தினமும் நடக்கும், வேலியின் உள்ளோரத் தடத்தில் மட்டும் வரிசையாகப் பூத்திருந்தது.

காவலருக்குப் பயம் வந்துவிட்டது. "நான் மிதிக்கல டாக்டரம்மா. முடிஞ்ச வரைக்கும் ஒதுங்கித்தான் போறேன்."

"ஒதுங்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். தடத்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, "வேலி இல்லீங்க. நாங்கதான்" என்றாள்.

"நீங்கதான்னா?"

"எண்ணப் போறோம்னு மிதிச்சோம்ல, முட்டி போட்டோம்ல. புல்லு அமுங்கி மண்ணுல வெயில் பட்டுச்சு. அதுலதான் முளைச்சிருக்கு. மாட்டை விட்டா தின்னுடுது. வேலிய மட்டும் போட்டா புல்லு மூடிடுது."

"அப்போ சரிவு பூரா வேலி போட்டா?"

"செடி கதை முடிஞ்சுது."

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "நாளைக்கு இதச் சொல்லாம விட்டா யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் அவள் பையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் படங்களைக் காட்டி, என்னிடம் சொன்னதையே சொன்னாள். வனத்துறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பக்கமும் கீறல்.

"மேடம், உங்க கட்டுரைய நம்பித்தானே கம்பிக்கு ஆர்டர் போட்டோம்?"

"ஆமா சார். அந்தக் கட்டுரை தப்பு. இப்ப நான் சொல்றதையும் சோதிச்சுத்தான் பாக்கணும். அதுவரைக்கும் வேலி போடாதீங்க."

பக்கத்திலிருந்த சக பேராசிரியர் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினார். "அடுத்த மாசம் துறைத்தலைவர் ஆகப்போறீங்க மேடம். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறீங்களே."

வேலியை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த மாதம் துறைத்தலைவர் ஆனது அந்தப் பேராசிரியர்தான். அக்கா போனில், "இதுக்குத்தான் புல்லை நம்பக்கூடாதுன்னேன்" என்றாள். எப்போது சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறு வேலிக்குள் நடுவே கயிறு கட்டினாள். அவள் முட்டி சரிவில் மிதித்து நடக்கத் தாங்காது. எனக்குக் கனமான பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள்.

"நடங்க" என்றாள்.

"எங்க?"

"கயித்துக்கு இந்தப் பக்கம் பூரா. நல்லா மிதிச்சு நடங்க. அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும், எதுல முளைக்குதுன்னு பாப்போம்."

நடந்தேன். திரும்பும் இடத்தில் பூட்ஸ் கயிற்றைத் தாண்டிவிட்டது.

"ஏங்க! அந்தப் பக்கம் இல்ல! கால் பாத்து வைங்க!"