பதினேழும் இருபத்தொன்றும்

மேற்றிசையில் சாய்ந்த கதிரவன் தன் பொற்கதிர்களை ஒடுங்கிய நீரிணையின்மேல் விரித்திருந்தான். நாளொன்றுக்கு நான்குமுறை திசைமாறும் நீரோட்டம் அவ்வேளை கிழக்குநோக்கித் திரும்பிக்கொண்டிருக்க, எதிர்க்கரைக் குன்றுகள் நீலம் பூசிய யானைக்கூட்டம்போல் படுத்திருக்க, பெருங்கப்பல்களும் மீன்படகுகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நகர, சிமொனோசெக்கி நகர் தன் மாலையழகில் திளைத்திருந்தது. கரையோர மருத்துவமனையின் ஆறாம் மாடியில், அவ்வழகு கண்முன் விரிந்திருந்தும் காணாதவளாய், இரண்டு எண்களை நோக்கி அமர்ந்திருந்தாள் அறுவை மருத்துவர் குவபாரா சிசுவே. ஓரெண் பதினேழு, மற்றது இருபத்தொன்று.

நாற்பது நாட்டு மருத்துவர்கள் கூடி நடத்தும் உலக உணவுக்குழல் புற்றுநோய்க் கழகம் திங்கள்தோறும் திரைவழி அவை கூட்டி, அரிய நோயாளர் ஒவ்வொருவருக்கும் எது தக்கது என ஆராய்வது வழக்கம். அவ்வவையின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: முன்பற்களிலிருந்து நோயின் மேல்விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளது? ஊரக மருத்துவர் ஒனோதா மூன்று திங்களுக்கு முன் ஒரு முதியவரிடம் கண்டது இருபத்தொன்று. அவரிடமே சிசுவே சென்ற வாரம் தன் கையால் கண்டது பதினேழு. நோய் மேலேறினால் கீழ்விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமல்லவா? அதுவும் நான்கு சென்டிமீட்டர் மேலே வந்திருந்தது. வளர்ந்த நோயன்று, இடம்பெயர்ந்த நோய்போல் தோன்றிற்று. மெல்லிய படலமாய்ப் பரவியிருந்தமையால் ஊடுகதிர்ப் படமும் வாய் திறக்கவில்லை. "ஒருவருக்கு ஈரெண் ஏற்கப்படாது, வியாழன் அவைக்குமுன் ஒன்றை முடிவு செய்க" எனக் கழகம் படிவத்தைத் திருப்பியிருந்தது.

கற்றறிந்த வாசகரே, நான்கு சென்டிமீட்டர் வேறுபாட்டில் என்ன இருக்கிறது என எண்ணிவிடாதீர். தொண்டையின் அடியில் உணவுக்குழலின் வாயிற்கதவு உள்ளது. அது பதினைந்தில் இருப்பதாகக் கழகத்தின் ஏடு கூறும். அதனருகே, முன்புறத்தில், குரல்வளை குடியிருக்கிறது. நோய் பதினேழில் தொடங்கினால் கதவுக்கும் அதற்கும் இடைவெளி இரண்டே. குரல்வளையையும் அகற்றியே தீரவேண்டும். இருபத்தொன்றில் தொடங்கினால் குரல் பிழைக்கும்.

அக்குரலோ முராஒகா கென்சபுரோவினது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்நகரச் சந்தையில், நஞ்சகற்றி விருந்தாக உண்ணப்படும் நச்சுமீனுக்கு ஏலம் கூறுபவர் அவர். கருந்துணி உறையொன்றை முன்கையில் மாட்டி, வாங்குவோர் ஒவ்வொருவராய் அதனுள் கையை விட்டு அவர் விரலைப் பற்றி மறைவாய் விலை சொல்ல, "சரிதானா! சரிதானா!" என்று இடிபோல் முழங்குவது அவர் தொழில். மறுநாட் காலை மனைவி தொமிகோவுடன் அவர் வந்தமர்ந்தார்.

"சந்தையில ஒருத்தன் சொல்றான் டாக்டரம்மா, 'விலை பேசுறது உன் விரல்தானே, வாய் எதுக்கு?'ன்னு. விரல் விலையை வாங்கும், சரி. உறைக்குள்ள அவனுங்க கையை விட வைக்கிறது எது? இந்தத் தொண்டைதானே!"

"வீட்லயும் அதே சத்தம்தான்," என்றாள் தொமிகோ. "குளிக்கப் போனாலும் 'சரிதானா'. ஒரு நாளாவது இந்த மனுஷன் வாயை மூடக் கூடாதான்னு கோயில்லயே வேண்டியிருக்கேன்." பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த வேண்டுதலை இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்."

சிசுவே மீண்டும் ஒருமுறை, அளவுக்கோடிட்ட குழாய்க்கருவியைத் தொண்டைவழி செலுத்தி நோக்க முடிவு செய்தாள்.

செவிலி மியாதா சிறு தட்டை நீட்ட, கென்சபுரோ தம் பல்வரிசையைக் கழற்றி அதில் வைத்தார்.

"பத்திரம்மா, ஏலம் விட்டுடாதே."

"விட்டாலும் யாரு தாத்தா கேப்பாங்க? போணியே ஆகாது."

பல் நீங்கிய அக்கணமே கிழவரின் இதழ்கள் உள்ளொடுங்கின. அகன்று விரிந்திருந்த முகம், பாய் இறக்கிய படகுபோல் சுருங்கிற்று. சிசுவேயின் கை அந்தரத்தில் நின்றது. "சொந்தப் பல்லு எப்ப எடுத்தீங்க?"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க! ஆபரேஷனுக்கு முன்ன வாய் சுத்தமா இருக்கணும்னு, போன மாசம் மேல் பல்லு பூரா புடுங்கிட்டாங்க."

அறுவைக்குப்பின் நுரையீரலில் கிருமி இறங்காதிருக்க, ஆட்டங்கண்ட பற்களைக் களைவது அம்மருத்துவமனையின் நெறி. நன்னெறியே, ஆயினும் எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அக்கல்லிலிருந்தே நிலத்தை அளந்தவள் ஆனாள் சிசுவே. உடனே ஒனோதாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், குழாய்ல இருக்கிற கோட்டை நீங்க எந்த இடத்துல படிச்சீங்க?"

"கடிச்சுக்கக் குடுக்கிற வாய்க்கட்டையோட வெளி ஓரத்துலதான். அங்கதானே நல்லாத் தெரியும்?"

"அது பல்லுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்குமே! நான் வெறும் ஈறுல படிச்சிருக்கேன்."

"அப்போ யாரு சரி?"

"ரெண்டு பேரும் தப்பு."

"அப்பாடா! நான் மட்டும்தான்னு பயந்துட்டேன்."

பிழை புலப்பட்டது, உண்மையோ இன்னும் புலப்படவில்லை. பிடுங்கிய பல்லை மீண்டும் நட்டு அளக்க இயலுமோ? அவ்வாறு அளந்தாலும், எல்லார்க்கும் கதவு பதினைந்திலேயே இருக்கும் என்பதற்கு உறுதி யாது? குழாய்க்கருவியை உள்ளே செலுத்திய சிசுவே, நோயின் மேல்விளிம்பைக் கண்டு எண்ணைக் குறித்தாள், பதினேழே. இம்முறை கருவியை ஒரே இழுப்பாய் வெளியே எடுத்துவிடாமல், நத்தை நகர்வதுபோல் மெல்ல மெல்லப் பின்னிழுத்தாள். விழுங்கும்போது மட்டும் திறந்து, மற்றைப்பொழுதெல்லாம் இறுக மூடிக்கிடக்கும் அத்தசைவளையம், சுருக்குப்பையின் வாய்போல் கருவியைக் கவ்விய இடம் திரையில் தெரிந்தது. அங்கே கோடு பன்னிரண்டு. பதினேழில் பன்னிரண்டு போக, ஐந்து.

கருவியை வைத்துவிட்டு அவள் திரைமுன் அமர்ந்தாள். ஒனோதா அனுப்பிய பழைய படச்சுருளை ஓடவிட்டாள். வாய்க்கட்டை ஓரத்தில் தெரியும் எண்களை ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொல்லும் பழக்கமுடைய அம்மனிதரின் குரல் அதில் பதிந்திருந்தது. கதவு கவ்விய இடத்தில் அவர் சொன்ன எண் பதினாறு. இருபத்தொன்றில் பதினாறு போக, ஐந்து! பொய்த்த இரு கணக்குகளும் ஒரே மெய்யில் வந்து கைகோத்தன.

வியாழன் அவையில் அவள் இதனை உரைத்தபோது முதலில் வாய் திறந்தவள் ஈரான் நாட்டுக் கொர்கான் நகரத்துப் பர்வானே.

"எங்க ஊர்ல வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு முன்பல்லே கிடையாது சிசுவே. இத்தனை வருஷமா நாங்க எதுலேருந்து அளந்தோம்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்!"

அவைத்தலைவரான பிரேசில் நாட்டவர் தலையில் கைவைத்தார். "கதவு பதினஞ்சுலதான் இருக்கும்னு அச்சடிச்சுக் குடுத்ததே நாமதான். ஆளைக் கேட்டோமா? சரி, ஐந்துன்னா குரல்வளையைத் தொட வேண்டியதில்ல. யாருக்காவது மறுப்பு உண்டா?"

மறுப்பு எழவில்லை.

ஒன்பது நாழிகை அல்ல, ஒன்பது மணிநேரம் நீண்டது அறுவை. நோயுற்ற குழலை நீக்கி, இரைப்பையைக் குழல்போல் ஒடுக்கி மேலே கொணர்ந்து கழுத்தில் இணைத்து, குரலுக்கு உயிரூட்டும் நூலிழை போன்ற நரம்புகளை இருபுறமும் ஊறுபடாமல் காத்து, சிசுவே கையுறை களைந்தபோது நீரோட்டம் மேற்கே திரும்பியிருந்தது. வெட்டியெடுத்த விளிம்புகளில் நோயின் சுவடில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் கழகத்தின் பேரவை அந்நகரிலேயே கூடிற்று. நண்பகலில், நாற்பது நாட்டார் நிறைந்த மண்டபத்தின் மேடைமேல், கழுத்தில் வெண்தழும்பும் வாயில் புதுப்பல்லுமாய் ஏறினார் கென்சபுரோ. கருந்துணி உறையைக் கையில் மாட்டி, பர்வானேயை அருகழைத்து அதனுள் கையை விடச் சொல்லி, மூச்சை நிறைத்தார்.

"சரிதானா! சரிதானா!"

விளக்குக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பின்வரிசையினர் எழுந்து நின்று கைதட்டினர். "வேண்டுதலை வாபஸ் வாங்கினது தப்பாப் போச்சே," என்று காதைப் பொத்தியவாறே தொமிகோ கண்ணீர் துடைத்தாள்.

மாந்தர் உடலை மாந்தர் அளக்கத் தொடங்கிய நாள்முதல், அளவு பிழைத்ததினும் தொடங்கிய இடம் பிழைத்ததே மிகுதி. அன்று மாலை கழகம் தன் படிவத்திலிருந்து பழைய கட்டத்தை நீக்கிப் புதியதைச் சேர்த்தது. அது இவ்வளவே: பல்லிலிருந்து அளவாதீர், கருவியை மெல்லப் பின்னிழுத்துத் தொண்டைக் கதவு கவ்வும் எண்ணைக் குறித்து, நோயின் எண்ணிலிருந்து அதனைக் கழித்து எழுதுக.